இரண்டாவது தேர்வை எழுதாதவர்கள்

எழுபதுகளின் கடைசியில் எருமப்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். ஆடி மாதத்தில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் பட அட்டைக் கட்டோடு வந்தார். அட்டைகளைக் காட்டி நடத்தினால் பிள்ளைகள் சீக்கிரம் வாசிப்பார்கள் என்பது அவர் எண்ணம். முதலில் ஒரு வாசிப்புத் தேர்வு வைத்தார். நான் மூன்று மாதம் அட்டைகளோடு நடத்தினேன். மறுபடி வந்து தேர்வு வைத்தபோது வகுப்பின் சராசரி நன்றாக ஏறியிருந்தது. முகமெல்லாம் சிரிப்பாகக் கிளம்பிப் போனார்.

சில வருடங்கள் கழித்து சேலத்தில் எம்.எட். சேர்ந்தேன். கருத்தரங்கில் பேசச் சொல்லி என் பேராசிரியர் ஓர் ஆய்வேட்டைக் கொடுத்தார். புரட்டினால், அதே அட்டைகள், என் வகுப்பு. பெருமை தாங்கவில்லை. புகழ்ந்து ஆறு பக்கம் எழுதினேன்.

எழுதியதைச் சரிபார்க்கும்போது ஓர் அட்டவணை உறுத்தியது. முதல் தேர்வை எழுதியவர்களைவிட இரண்டாவதை எழுதியவர்கள் குறைவு. ஏன் என்று ஒரு வரிகூட இல்லை. பள்ளிக்குப் போய்ப் பழைய வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்தேன். இரண்டாவது தேர்வன்று வராதவர்களில் பெரும்பாலோர் எழுத்துக்கூட்டவே திணறிய பிள்ளைகள். அவர்களில், பள்ளிக்குப் பின்னால் குடியிருந்த ஒருத்தியின் அம்மாவிடம் கேட்டேன்.

“ஐப்பசியில கல்லக்கா புடுங்கற சமயமுங்க டீச்சர். புள்ளையையும் காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனுங்க. பரிச்சைன்னு யாரும் சொல்லலீங்களே” என்றார். எங்கள் பக்கம் நிலக்கடலையைக் கல்லக்கா என்பார்கள்.

சொல்ல வேண்டியவள் நான்தான். அவர்கள் வராதது அன்று எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்ததும் நினைவுக்கு வந்தது. வீடு வரும்வரை என்மேலேயே எரிச்சல்.

பதிவேட்டை நகலெடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

“ஆராய்ச்சி பண்ணவருக்குப் பட்டமே குடுத்தாச்சுங்க டீச்சர். இப்பப் போயி இதத் தூக்கிட்டு வந்தா என்னங்க பண்றது?”

“திணறுற புள்ளைங்க வரலீன்னா சராசரி தானா ஏறுமுங்க ஐயா. அட்டையாலதான் ஏறுச்சுன்னு எப்படிங்க சொல்றது?”

“குத்தம் தேடுனா எதுலதான் இல்லீங்க? கருத்தரங்குல அவரு முடிவச் சொல்லிட்டு உக்காருங்க.”

கருத்தரங்கில் ஆறு பக்கத்தையும் மூடி வைத்துவிட்டு, கண்டதைச் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட, அட்டை இல்லாமல் படித்த வகுப்பு எது என்று கேட்டார். ஆய்வேட்டைப் பார்த்தால், அது சேலம் டவுன் பள்ளி. அங்கே காட்டு வேலையும் இல்லை, யாரும் விடுபடவும் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டதே தப்பு என்று ஆரம்பித்தேன். பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்து, “நேரமாச்சுங்க” என்றார். அடுத்தவர் பேச வந்துவிட்டார்.

படிப்பை முடித்துப் பள்ளிக்குத் திரும்பினேன். அடுத்த ஜூனில் அதே மாதிரி அட்டைகள் எங்கள் ஒன்றியத்துப் பள்ளிகளுக்கெல்லாம் வந்து இறங்கின. ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்ட முறை என்று கூடவே ஒரு சுற்றறிக்கை. தலைமையாசிரியரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மேலிருந்து வந்த உத்தரவுங்க. நடத்துங்க” என்றார்.

நடத்தினேன். கடலை எடுப்பு முடிந்தபின் எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்துத் தேர்வு வைத்தேன். ஜூனில் வைத்த தேர்வைவிட மதிப்பெண் கொஞ்சம் ஏறியிருந்தது. கொஞ்சம்தான். அட்டை இல்லாத வருடங்களிலும் அவ்வளவு ஏறியதுண்டு. அதையெல்லாம் எழுதி, முதல் ஆய்வில் தேர்வுக்கு வராதவர்களின் கதையையும் சேர்த்து, மேலே அனுப்பினேன். பதில் இல்லை. இன்னொரு முறை அனுப்பினேன். அதற்கும் இல்லை.