பெரியப்பாவின் தோல் உறை

சாப்பாட்டு மேசையில் மகளின் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்து, திரையில் வந்த செய்தியைப் படித்தேன். அதன் புதுத் தோல் உறையிலிருந்தும் பெரியப்பாவின் வாடை அடிப்பது போலிருந்தது.

எங்கள் ஊரான சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் வரிசை வீடுகளுக்கே முதல் ஹேண்ட்போன் அவருடையதுதான். இடுப்பு பெல்ட்டில் தோல் உறைக்குள் தொங்கும். வேர்வையும் தலைக்குத் தடவும் எண்ணெயும் ஊறி, செத்த எலியைப் போல நாறும். சிங்கப்பூரில் வேலை பார்த்த எங்கள் வரிசைப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்கான செய்திகளை அதற்குத்தான் அனுப்புவார்கள். எச்சில் தொட்ட கட்டைவிரலால் பொத்தானை அழுத்தி, சாப்பாட்டுக் கடையே கேட்கும்படி படிப்பார் பெரியப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் செய்தி வந்தது.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லுங்க பெரியப்பா. எனக்கு அந்தக் கல்யாணம் வேணாம். இங்க ஒருத்தர பிடிச்சிருக்கு."

ரொட்டி சானாயை மென்றபடியே முழுவதையும் படித்தார். கடை சிரித்தது. பேசி வைத்திருந்த மாப்பிள்ளையின் அப்பா அடுத்த மேசையில் இருந்தார்.

"அலமாக், இதுல என்னா ரகசியம் லா?" என்றார் பெரியப்பா, வாய் நிறைய ரொட்டியுடன். அக்கா அதன்பின் வீட்டுப் பக்கமே வரவில்லை.

"ஏம்மா என் மெசேஜ படிக்கிறீங்க?" மகள் எதிரில் வந்து நின்றாள்.

"இதுல என்னா ரகசியம் லா?" என்றேன்.

சொன்ன என் வாயிலும் அதே வாடை அடித்தது.