விளக்கு எண்ணெயும் என் டப்பா எண்ணெயும்

எழுபதுகளின் கடைசியில், மதுரையில் நடந்தது இது. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலை தேடி அலைந்து, கடைசியில் டீசலில் கலக்கிற எண்ணெயை லாரிக்காரர்களிடம் விற்கும் வேலைதான் எனக்குக் கிடைத்தது. வெளியூரில் இருந்த ஒரு சின்னக் கம்பெனி. பழங்காநத்தத்தில் ஒரு மாடி அறையில் தங்கிக்கொண்டு, தோளில் துணிப்பையும் அதற்குள் தகர டப்பாக்களுமாக லாரிகள் வந்து நிற்கும் கொட்டகைகளில், செட்டு செட்டாக ஏறி இறங்குவேன்.

எண்ணெயின் சங்கதி எளிதுதான். லாரி எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற பம்ப்புக்குத் தனியாக யாரும் எண்ணெய் விடுவதில்லை. அதன் வழியாக ஓடுகிற டீசல்தான் அதற்கு வழவழப்பு. அந்தக் காலத்தில் டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது சகஜமாக இருந்தது. மண்ணெண்ணெய் வறண்ட சரக்கு. பம்ப் சீக்கிரம் தேய்ந்துவிடும். டாங்க் நிரப்பும்போது எங்கள் எண்ணெயில் ஒரு மூடி ஊற்றினால் தேய்மானம் குறையும். இதை நான் நம்பித்தான் சொன்னேன். காது கொடுக்கத்தான் ஆள் இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அய்யா கரும்பு வெட்டப் போகிறவர். மகன் ஆயில் கம்பெனியில் இருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதற்கு மேல் என் வேலையைப் பற்றி அவரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. கூடப் படித்தவர்கள் எதிரே வந்தால் பையைப் பின்னால் தள்ளிக்கொள்வேன். செட்டில் டிரைவர்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது நான் போனால், "சார் வந்துட்டாரு மாப்ள" என்று ஒருவர் சொல்வார். அத்தோடு பேச்சு நின்றுவிடும். சில நாள், கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பதுதான் அன்றைக்கு நான் வாய் திறந்த முதல் தடவையாக இருக்கும்.

அந்த மாதம் ஒரு செட்டாவது வாங்க ஆரம்பிக்காவிட்டால் வேலை கிடையாது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அவனியாபுரத்தில் ஒரு செட்டு. அங்கே சோழவந்தான் வெற்றிலையைத் தெற்கே கொண்டுபோகும் டிரைவர் ஒருவர் இருந்தார். கடுகடுத்த முகம். அவர்தான் ஒரு நாள், "பய எம்புட்டு நாளா அலையுறான். என் வண்டியில ஊத்திப் பாக்கட்டும்" என்றார். மற்றவர்களும், இந்த வண்டிக்கு ஒத்துக்கொண்டால் நாங்களும் வாங்குகிறோம் என்றார்கள்.

மற்றவர்கள் சாப்பிடப் போனதும் நான் டப்பாவைத் திறந்தேன். அவர் கை காட்டி நிறுத்தினார். வண்டிக்குள்ளிருந்து ஒரு சின்னச் சீசாவை எடுத்து, அதிலிருந்த கறுத்த எண்ணெயை டாங்க்கில் கொஞ்சம் விட்டார். கிளம்புகிற டிரைவர்கள் ரோட்டோரத்து முனி கோயிலில் சிதறுகாய் போடுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். பூசாரி விளக்கிலிருந்து எண்ணெய் எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் அதை ஸ்டீயரிங்கில் தடவுவார்கள். இவர் மட்டும் டாங்க்கிலேயே ஊற்றுவார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"சாமி எண்ணெ மொதல்ல. ஒன் எண்ணெ அப்புறம்" என்றார்.

மறுநாள் காலை செட்டுக்குப் போனபோது எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வெற்றிலை லோடு திருமங்கலம் தாண்டி நின்றுவிட்டதாம். எதிரே மதுரைக்கு வந்த லாரிக்காரரிடம் அவர் சொல்லி அனுப்பியிருக்கிறார்: அந்த எண்ணெய்க்காரனை அனுப்பு. தெற்கே போகிற ஒரு வண்டியில் என்னை ஏற்றிவிட்டார்கள்.

இரண்டு பக்கமும் கரிசல் காடு. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. நடுவில் அந்த லாரி தனியாக நின்றது. கிளீனரும் லீவில் போயிருந்ததால் அவர் ஒற்றை ஆளாக இருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க ஆயில் சார். ஒங்க மருந்தக் குடிச்சிட்டு எப்பிடிப் படுத்துருச்சு பாருங்க" என்றார்.

"அண்ணே, அது அப்படிச் செய்யாதுண்ணே..."

"மொதல்ல எலைக்குத் தண்ணி. வெயில்ல அவிஞ்சு போச்சுன்னா தூரத்தான் கொட்டணும். ஒன்னைய அப்புறம் பாத்துக்கிறேன்."

தள்ளி ஒரு கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாளியில் சுமந்து வர, அவர் மேலே ஏறி வைக்கோலை விலக்கி வெற்றிலைக் கட்டுகளின் மேல் தெளித்தார். ஒவ்வொரு நடையிலும் என் மனசுக்குள் ஓடியது ஒன்றுதான்: என் எண்ணெயால்தான் நின்றது என்றால் என்ன செய்வது? அய்யாவிடம் என்ன சொல்வது? அந்த வெட்டவெளியில் என் பக்கம் பேச என் நிழலைத் தவிர யாரும் இல்லை.

பிறகு அவர் எஞ்சினைத் திறந்து டீசல் பில்டரைக் கழற்றினார். கிண்ணத்துக்குள் கரேலென்று சகதி. அதில் நூல் நூலாக ஏதோ கிடந்தது. அவர் அதை விரலில் எடுத்துத் தேய்த்தார். முகர்ந்தார். எனக்கே அந்த வாடை அடித்தது. கருகின திரி. நாள் கணக்காக ஊற்றின விளக்கு எண்ணெயின் கசடும் திரி நூலும் டாங்க் அடியில் படிந்து, டீசல் குறைந்த நேரம் பார்த்து மேலே ஏறிப் பில்டரை அடைத்துவிட்டன.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர் முகம் வாடிவிட்டது. அவர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"முன்ன நான் ஓட்டுன வண்டி பாலத்துல கவுந்துச்சு தம்பி. கூட இருந்தவன் போயிட்டான், என் மச்சினன். எனக்கு ஒரு கீறல் இல்ல. அன்னையில இருந்து இந்த எண்ணெ ஊத்தாம வண்டி எடுத்ததில்ல."

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே சொன்னார்: "நீ செட்டுல போயிச் சொல்லிக்க. ஒன் எண்ணெ இல்ல, என் எண்ணெதான்னு."

"சிரிப்பாங்கண்ணே."

"என்னையச் சிரிச்சாப் பரவால்ல. சாமியவுல்ல சிரிப்பானுக."

அந்த நூல்களை அவர் ரோட்டில் எறியவில்லை. ஒரு வெற்றிலையில் மடித்து, வண்டிக்குள் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். அப்புறம் டாங்க் அடியிலிருந்த கசடை வடித்தோம், பில்டரைக் கழுவினோம். நான் கைப்பம்ப்பை அமுக்கிக்கொண்டே இருக்க, அவர் திருகாணியைத் தளர்த்திக் குழாயில் புகுந்த காற்று வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நுரை நுரையாக வந்தது நின்று, டீசல் கம்பியாக ஒழுகியதும், "போதும், விடு" என்றார். வண்டி உறுமியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எஞ்சின் சத்தத்தில் அவருக்குத் தெரிந்திருக்காது.

விருதுநகரில் இலையை இறக்கினோம். மேல் கட்டுகள் சில வாடியிருந்தன, மற்றதெல்லாம் தப்பியது. அங்கே ஒரு சாப்பாட்டுக் கிளப்பில் நான் வழக்கம்போல ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். "அங்க என்ன, பொண்ணு பாக்கவா வந்துருக்க? இங்கிட்டு வா" என்று தன் எதிரே உட்கார வைத்தார். தன் இலையிலிருந்த வறுவலில் பாதியை என் இலைக்குத் தள்ளினார். மதுரையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு இன்னொரு ஆளோடு உட்கார்ந்து நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் செட்டுக்குள் வண்டி நுழைந்ததும் எல்லோரும் கூடிவிட்டார்கள். லாரி முதலாளியும் இருந்தார். நான் இறங்குவதற்கு முன்பே ஒருவர், "என்னா சார், மருந்து ஊத்தி வண்டியப் படுக்க வச்சிட்டீங்களாம்ல?" என்று ஆரம்பித்தார். சிரிப்பு எழுந்தது.

"அவர விடுங்கப்பா" என்றார் டிரைவர். "டாங்க் கழுவி எம்புட்டு நாளாச்சுன்னு எனக்கே தெரியல. அடியில கெடந்த சகதி பில்டர்ல ஏறிருச்சு. அந்த எண்ணெய்க்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. தப்பு என்னோடது."

சாமியையும் காட்டிக்கொடுக்கவில்லை, என்னையும் விட்டுக்கொடுக்கவில்லை. முதலாளிக்கு முகம் மாறிவிட்டது. "டாங்கக் கூடக் கழுவாம அப்பிடி என்னத்தக் கழட்டுன?" என்று எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசினார். அதோடு விடாமல், வண்டிச் சாவியை வாங்கி அங்கேயே இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டார். நான் பதறிப்போய் முன்னால் வந்தேன். டிரைவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். யாரும் அவரோடு போகவில்லை. நான் ஓடிப் போய்க் கூப்பிட்டேன். "வாரேன் தம்பி. நீ போயி ஏவாரத்தப் பாரு" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரமே அந்தச் செட்டில் டப்பா வாங்க ஆரம்பித்தார்கள். என் வேலை தப்பியது. அவரைத் தேடி வீட்டுக்குப் போனபோது கதவு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு வேறு ஊருக்கு வண்டி ஓட்டப் போய்விட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அந்தப் பூட்டின் முன்னால் நான் நின்ற மாதிரி அதற்கு முன்பு ஒரு நாளும் தனியாக நின்றதில்லை.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் ஒரு கூட்டத்துக்கு நடுவில் யாராவது பேச்சு வாங்கிக்கொண்டு ஒற்றையாக நிற்பதைப் பார்த்தால், காரணம் தெரியாவிட்டாலும் போய் அவர் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். நன்றி சொல்ல ஆள் கிடைக்காதவன் வேறு எப்படித்தான் சொல்வது?