சாப்பாட்டு மேசையில் ஒரு சீனியர்

வீடு வெள்ளவத்தையில், பல்கலைக்கழகம் பத்து நிமிட பஸ் தூரத்தில். "நீ குடுத்து வச்சனி" என்றார்கள் எல்லோரும். விடுதியில் தங்கும் பிள்ளைகளுக்குச் சீனியர்களின் ராகிங், எங்கள் பேச்சில் பகிடிவதை, விடிய விடிய நடக்கும். எனக்கு நாலு மணியோடு முடிந்துவிடும். காலி வீதி என்ற பிரதான சாலையில் பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் தப்பிவிடலாம். முதல் இரண்டு வாரமும் அந்தக் கதவை நம்பித்தான் கிடந்தேன்.

சீனியர்கள் எங்களுக்கு விதித்த முதல் சட்டம், அவர்கள் முன்னால் உட்காரக் கூடாது என்பது. கன்டீனோ, மர நிழலோ, பஸ்ஸோ, எங்கே கண்டாலும் எழும்பி நிற்க வேண்டும். 'இருங்கோ' என்று அவர்களே சொன்னாலும் உட்காரக் கூடாது, அது சோதனை. முறைப்பாடு செய்தால் நாலு வருடமும் ஒதுக்கிவைத்துவிடுவார்கள். நோட்ஸ் கிடைக்காது. பரீட்சைக்கு முன் சீனியர்கள் தமிழில் சொல்லித்தரும் 'குப்பி' வகுப்புக்கும் போக முடியாது. விரிவுரைகள் முழுக்க ஆங்கிலத்தில். குப்பி இல்லாமல் நான் தேறுவது நடக்கிற காரியமா?

அப்பா போன பிறகு எங்கள் ஃபிளாட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. வெள்ளவத்தையில் அப்படி ஓர் அறை இருந்தால், ஊரிலிருந்து படிக்க வரும் பிள்ளை ஒன்றைப் பிடித்து வாடகைக்கு வைப்பது வழக்கம். என்னிடம் ஒரு சொல் கேட்காமல் அம்மா பிடித்துவிட்டார்.

"உன்ர கம்பஸ்தானாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கடைசி வருசம். உனக்கும் ஒரு துணை," என்றார். முகம் முழுக்கப் பெருமை.

சூட்கேசோடு வாசலில் நின்றவரைப் பார்த்ததும் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். கம்பஸில் என் முதல் நாளன்று என்னை நூலகத்துக்குப் பின்னால் நிறுத்தி, நான் அழும்வரை என் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தவர் அவர்தான்.

அன்று பின்னேரம் அம்மா புட்டும் முட்டைப் பொரியலும் வைத்தார். அந்த அக்கா மேசையில் இருந்தார். நான் கதவோரம் நின்றேன்.

"வந்து இரன்," என்றார் அம்மா.

"இருங்கோ தங்கச்சி, உங்கட வீடுதானே," என்றார் அக்கா, தேன் ஒழுகும் குரலில். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றதால் இருந்துவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் சீனியர்கள் என்னைக் கூட்டத்தின் நடுவே கூப்பிட்டார்கள். "சீனியரோட சரிசமனா இருந்து சாப்பிடுற ஆள் ஒராள் இருக்கிறாவாம்," என்றார் ஒருவர். இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றேன். அக்கா சற்றுத் தள்ளி ஒரு மர வாங்கில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

அதன் பிறகு சொந்த வீட்டில் எனக்கு இருக்க இடமில்லை. குசினியில் அடுப்போரம் நின்றபடி சாப்பிட்டேன். அவர் ஹோலில் டீவி பார்த்தால் நான் பால்கனிக்குப் போய்விடுவேன். என் அறைக் கட்டிலில் இருக்கும்போது வெளியே செருப்புச் சத்தம் கேட்டாலும் எழும்பி நிற்பேன். கதவு பூட்டியிருக்கும், ஆனாலும் நிற்பேன். என்ன விசர் என்று இப்போது கோபம் வருகிறது. அப்போது பயம் மட்டும்தான் வந்தது.

"ஏன் நிண்டுகொண்டு சாப்பிடுறாய், நீ என்ன குதிரையே?" என்று அம்மா ஏசினார். பிறகு குரலைத் தணித்து, "மூலம் கீலம் ஏதுமோ? டொக்டரிட்டக் காட்டுவமா?" என்றார். உண்மை வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் அந்தப் பிள்ளையைச் சூட்கேசோடு வெளியே அனுப்பிவிடுவார். மறுநாளிலிருந்து கம்பஸில் என்னோடு கதைக்க ஒரு ஆள் இருக்காது.

"ஒண்டுமில்லை," என்றேன்.

மூன்று மாதத்தில் பகிடிவதைக் காலம் முடிந்தது. விருந்து வைத்தார்கள். "எல்லாம் பகிடிதானே" என்று சிரித்தார்கள். அக்கா அதே மேசையில் எனக்குப் புள்ளிவிபரவியல் சொல்லித்தந்தார். நன்றாகவே சொல்லித்தந்தார், அதுதான் எரிச்சல். நான் கதிரை நுனியில் இருந்து படித்தேன், தேறினேன். அந்த வருடத்தோடு அவர் ஊருக்குப் போய்விட்டார்.

அம்மா அந்த அறைக்கு மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தியைப் பிடித்தார். முதலாம் வருடம், எண்ணெய் வடியும் இரட்டைப் பின்னல். அந்த வாரம் எங்கள் வகுப்புக்காரர் புதிய பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். நான் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. மர நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அவள் என்னை அங்கே கண்டிருக்கிறாள்.

பின்னேரம் பசியோடு வந்து மேசையில் இருந்தேன். அவள் தட்டோடு சுவரோரம் நின்றாள்.

"இருங்கோ தங்கச்சி, உங்கட வீடு மாதிரித்தானே," என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

"பரவாயில்லை அக்கா," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். தட்டோடு சுவரில் இன்னும் ஒட்டி நின்றாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்கு அது பிடித்திருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் எழுதிப் பிரயோசனமில்லை.

அம்மா குழம்புச் சட்டியோடு குசினியிலிருந்து வந்தார். அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சட்டியை மேசையில் வைக்காமல் அப்படியே நின்றார்.

"அப்ப அவ இருந்தவ, நீ நிண்டனி," என்றார் மெதுவாக. "இப்ப நீ இருக்கிறாய், இந்தப் பிள்ளை நிக்குது."

நான் எழும்பினேன். அவள் அப்போதும் உட்காரவில்லை.