பிக்கப் பார்க்கப் போன கதை

புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ற் மணம் வந்தால் அந்தப் பிக்கப் வண்டியை அப்படியே விட்டுவிட வேண்டும். இது நான் பட்டுத் தெளிந்த விஷயம். மொன்றியலில் பனிக்காலம் முழுக்க றோட்டில் உப்புக் கொட்டுவார்கள். அந்த உப்பு வாகனத்தின் அடிப்பக்கத்தைத் தின்றுகொண்டே இருக்கும். விற்கிறவர்களில் சிலர் துருப்பிடித்த கறளைச் சுரண்டாமல் அதன் மேலேயே கறுப்பாகப் பூசிவிட்டு, வெளிப்பக்கத்தைக் கழுவித் துடைத்து, வீட்டு முன்னால் பளபளவென்று நிறுத்திவைப்பார்கள். பெண் பார்க்க வருகிற அன்றைக்குப் பவுடர் அப்புவதுபோலத்தான். ஆனால் இங்கே அப்பியிருப்பது முகத்தில் இல்லை, அடியில். அதனால் நான் ஒரு காட்போட் மட்டையை விரித்து, மல்லாக்காகப் படுத்து, ரோச் லைற்றும் சின்னச் சுத்தியலுமாக உள்ளே போய்விடுவேன்.

எனக்கு ஐம்பது எப்போதோ தாண்டிவிட்டது. லாசாலில் சாப்பாட்டுச் சாமான் பொதி செய்கிற ஓர் இடத்தில் வேலை. அதுவரை வாகனத்துக்கும் எனக்கும் இருந்த உறவு, பெற்றோல் அடிப்பதும் மேலே கிடக்கிற பனியைத் தட்டுவதும்தான். ஆனால் ஒரு விஷயத்துக்குள் தலையைக் கொடுத்துவிட்டால் அதன் அடிமுடி காணாமல் நான் விடமாட்டேன். "உமக்கு எல்லாத்தையும் குடைஞ்சு பாக்காட்டி நித்திரை வராது" என்பார் என் மனிசன். உண்மைதான், மறுக்கவில்லை.

இந்தத் தேடல் அவருக்காகத்தான். பெருங்குடலில் வருத்தம் வந்து ஒபரேஷன் செய்தார்கள். உயிர் தப்பினார். ஆனால் வயிற்றில் ஒரு வழி திறந்து அதில் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். இனி எல்லாம் அந்தப் பைக்குள்தான் வரும். நிரம்ப நிரம்ப ரொய்லெற்றில் வெறுமையாக்க வேண்டும். வீட்டில் இருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. வெளியில் போனால் ரொய்லெற் எங்கே, கதவு பூட்டுமா, சாமான் வைக்க இடம் இருக்குமா, வெளியில் யாராவது நின்று தட்டுவார்களா என்று ஆயிரம் யோசனை. முதலில் கலியாணங்களை விட்டார். பிறகு கோயிலை விட்டார். சேட்டைக் கழற்றி வேட்டியோடு உள்ளே போகிற மனிசன் அந்தப் பையோடு எப்படிப் போவார்? கடைசியில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு என்னோடு மரக்கறி வாங்க வருவதும் நின்றது. திருகோணமலையிலிருந்து வெளிக்கிட்டு எத்தனையோ எல்லைகள் கடந்து வந்தவர், எங்கள் வரவேற்பறைச் சோபாவோடு நின்றுவிட்டார். ஒபரேஷன் அன்றைக்கு, செத்துப்போவாரோ என்று பயந்தேன். இப்போது ஆள் முன்னால் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போகிறாரே என்று பயந்தேன். இரண்டாவது பயம் பெரிது.

அந்த நேரத்தில் என்னோடு வேலை செய்த ஒருவர் ஓய்வு எடுத்துப் போகும்போது தன்னுடைய ரூலோத்தை விற்றார். ரூலோத் என்றால் வாகனத்தின் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சக்கர வீடு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் காட்டினார். நான் மூலையில் இருந்த ஒடுக்கமான கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு ரொய்லெற். பூட்டுகிற கதவு, கை கழுவத் தொட்டி. வேறு ஒன்றையும் பார்க்காமல் "நான் எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். வேலையிடத்தின் பின்பக்கத்தில் அதை நிறுத்திவைக்க முதலாளி விட்டார்.

மனிசனிடம் சொன்னேன். நாங்கள் போகிற இடமெல்லாம் எங்கள் ரொய்லெற்றும் பின்னால் வரும் என்றேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதை எதால இழுக்கப்போறீர்? உம்மட குட்டிக் காராலயோ?"

அவர் அப்படிக் கேட்டது என் வாயை மூடத்தான். நான் அதை நல்ல கேள்வியாக எடுத்துக்கொண்டேன்.

ஆகவே பாவித்த பிக்கப் ஒன்று தேடத் தொடங்கினேன். முதலாவது வில்லரேயில் நின்றது. விற்கிறவர் வயதான மனிதர், வண்டியைத் தடவித் தடவிக் கதைத்தார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இது இழுக்குமோ? அதை அப்படியே பிரெஞ்சாக்கி, "சா தீர்?" என்று கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "நோ, மதாம்! சா தீர் பா!" என்று கையை விரித்தார். இழுக்காதாம். இவ்வளவு பெரிய வண்டி இழுக்காது என்றால் பிறகு என்னத்துக்கு, மெர்சி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த மனிதரின் நேர்மையை நினைத்து வழியெல்லாம் வியந்தேன்.

அடுத்தநாள் வேலையில் இதைச் சொன்னபோது, பக்கத்தில் நின்ற, பிரெஞ்சு பேசுகிற கெபெக்காரி மேசையில் கைவைத்து நின்று சிரித்தாள். வாகனத்தைப் பற்றி அப்படிக் கேட்டால், ஓடும்போது ஒரு பக்கமாக இழுக்குமோ என்றுதான் அர்த்தமாம். பாவம், தன் வண்டியில் குறை இருக்கிறதோ என்று கேட்டுவிட்டதாக அவர் நினைத்திருக்கிறார். எங்களுக்கும் அதே வார்த்தைதானே: ரயர் சரியில்லை என்றால் இழுக்குது என்கிறோம், பாரம் கொண்டுபோனால் இழுக்குது என்கிறோம், மூச்சு வாங்கிக் கிடக்கிற ஆளையும் இழுக்குது என்கிறோம். உடனே தொலைபேசி எடுத்தேன். வண்டி விற்றுப்போயிருந்தது. இன்றைக்கும் அந்தப் பிக்கப்பை நினைத்தால் வயிறு எரிகிறது.

அதற்குப் பிறகு படிக்கத் தொடங்கினேன். இழுப்பது ஒன்று, சுமப்பது வேறொன்று என்று அப்போதுதான் தெரிந்தது. விளம்பரங்களில் எவ்வளவு இழுக்கும் என்று பெரிதாகப் போடுவார்கள். எவ்வளவு சுமக்கும் என்பது சாரதிப் பக்கத்துக் கதவின் ஓரத்தில் சின்ன ஸ்ரிக்கரில் இருக்கும். ஆட்கள், சாமான், கொக்கியில் வந்து அமருகிற ரூலோத்தின் பாரம், எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். எங்களுடைய ஆட்களோ பூங்காவுக்கு ஒரு பகல் போனாலே அரிசிக் குக்கரையும் அகப்பையையும் கொண்டுபோகிறவர்கள். நான் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவைத் திறந்து ஸ்ரிக்கரைப் படித்தேன். பிறகு கியர் எண்ணெயை ஒற்றிப் பார்த்தேன். சிவப்பாக இருந்தால் நல்லது, கறுத்துக் கருகல் மணம் அடித்தால் அந்த வண்டியை யாரோ போட்டு முறித்திருக்கிறார்கள். ஏன் விற்கிறீர்கள் என்றும் கேட்பேன். பிள்ளை பிறந்தது, மனைவி போய்விட்டாள், முழங்கால் ஏலாது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். எனக்கு வண்டியைவிட அந்தக் கதைகளில் ருசி பிடித்துவிட்டது.

ஒன்று மட்டும் தனியாகச் செய்ய முடியவில்லை. உள்ளே இருந்து பிரேக்கை மிதித்தால், பின்னால் ரூலோத்துக்கு மின்சாரம் போகிற இடம் வேலை செய்கிறதா, லைற் எரிகிறதா என்று பார்க்க இன்னொருவர் நிற்க வேண்டும். விற்கிறவர் எரியுது என்றுதானே சொல்வார்?

"ஒருக்கா வந்து பின்னால நில்லுங்கோவன்" என்று மனிசனிடம் கேட்டேன்.

"எவ்வளவு தூரம்?"

"இஞ்ச லாசாலுக்குள்ளதான். நடந்தும் போகலாம்."

வந்தார். லைற் எரியவில்லை என்று சத்தமாகச் சொன்னார். திரும்பி வரும்போது, அந்தப் பிக்கப்பின் பின் ரயர் உள்பக்கமாகத் தேய்ந்திருந்ததையும் சொன்னார். வருத்தம் வர முதல் அவர் பேக்கரி ஒன்றுக்குச் சாமான் ஏற்றுகிற வான் ஓட்டியவர். கண் கூர்மை.

அடுத்த வண்டி லோங்கேயில், பாலத்துக்கு அங்கால். சாப்பிடாமல் வந்தார், வயிறு வெறுமையாக இருந்தால் பை நிரம்பாது என்று ஒரு கணக்கு. அதற்கடுத்தது இன்னும் தள்ளி. காரின் பின்னால் மாற்றுப் பை, துடைக்கிற துணி, ஒரு காற்சட்டை எல்லாம் வைத்த சின்னப் பொதி எப்போதும் கிடந்தது. எல்லா இடத்திலும் லைற் பார்ப்பார், ஒரு குறை கண்டுபிடிப்பார், "இது சரிவராது, இன்னும் பாப்பம்" என்பார். சென்-இயசாந்தில் நல்ல வண்டி ஒன்று கண்டோம். அடியெல்லாம் தட்டினேன், ணங் ணங் என்று கேட்டது. அதற்கும் இருக்கை நிறம் பிடிக்கவில்லை என்றார். இருக்கை நிறமாம்! எனக்குக் கோபம் வந்தது. கோபம் ஆறினதும் யோசனை வந்தது. இந்த மனிசன் ஏன் இப்படிச் செய்கிறார்? வண்டி வாங்கிவிட்டால் உண்மையாகவே பயணம் போக வேண்டும் என்று பயப்படுகிறாரா, அல்லது வண்டி பார்க்கப் போவதே பிடித்துவிட்டதா? ஒரு ஆளோடு இவ்வளவு காலம் குடும்பம் நடத்திவிட்டு இதைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று இருந்தது.

பிறகு ஜோலியத்துக்கு அங்கால் ஒரு பண்ணை வீடு. விற்கிறவள் என் வயதுப் பெண், முழங்கால்வரை றப்பர்ச் சப்பாத்து. வண்டி வெளியில் அழகாக இருந்தது, பெயின்ற் மணம் இல்லை, ஸ்ரிக்கரில் இருந்த பாரக் கணக்கும் எங்களுக்குப் போதும். நான் மட்டையை விரித்து உள்ளே போனேன். முன்பக்கம் நன்றாகச் சத்தம் கொடுத்தது. பின்சில்லுக்குக் கிட்டத் தட்டியபோது சத்தமே வரவில்லை. இன்னொருக்காத் தட்டினேன். சுத்தியல் உள்ளே போய்விட்டது.

"இஞ்சாருங்கோ, இதை வந்து பாருங்கோ" என்றேன். படுத்த இடத்திலிருந்து அவருடைய சப்பாத்துகள் மட்டும் தெரிந்தன. இரண்டும் ஒட்டினபடி அசையாமல் நின்றன. திரும்பவும் கூப்பிட்டேன், அசையவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

வெளியே ஊர்ந்து வந்தேன். இரண்டு கையாலும் ஜாக்கெற்றை வயிற்றோடு பொத்திக்கொண்டு நின்றார். பை கழன்றிருந்தது. மணம் வந்துவிட்டது, காற்சட்டையிலும் தெரிந்தது. அவருடைய முகத்தை நான் ஒபரேஷன் அன்றைக்குக்கூட அப்படிக் காணவில்லை. எந்த நாளுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தாரோ, அந்த நாளுக்கு நானே அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். பிறகு வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, "உள்ளே போய் இடப்பக்கம், மெஸ்யூ. துவாய் அலுமாரியில் இருக்கு" என்று பிரெஞ்சில் சொன்னாள். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவரை, "வேண்டாம், வேண்டாம்" என்று கை காட்டினாள். நான் பொதியை எடுத்துக் கொடுத்தேன். கூட வரட்டோ என்று கேட்டேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

நாங்கள் இருவரும் வெளியில் நின்றோம். நான் மன்னிப்புக் கேட்டேன். தன் அண்ணனுக்கும் பை இருந்தது என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கோழிகளைப் பற்றிக் கதைத்தாள், இந்த வருடம் மழை கூட என்றாள். நான் ஓம் ஓம் என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு கதவைப் பார்த்தபடி நின்றேன்.

அவர் வந்தார். சீப்பால் தலை இழுத்திருந்தார், முகம் கழுவியிருந்தார். என்னிடம் முதலில் சொன்னது, "உள்ள ஒரு தட்டு இருக்கு. சாமான் வைக்க நல்ல வசதி." பிறகு பிக்கப்பைப் பார்த்தார்.

"இதை வாங்குவம்."

அத்தனை மாதத்தில் அவர் வாயிலிருந்து முதல்முறையாக அந்தச் சொல் வந்திருக்கிறது, என் சுத்தியல் போன ஓட்டை இரண்டடி தள்ளி இருக்கிறது. இப்போது வேண்டாம் என்றால் மனிசன் வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டிவிடுவார், பிறகு நான் தலைகீழாக நின்றாலும் வெளிக்கிடமாட்டார் என்று பயந்தேன். ஓம் சொல்லிவிடுவோமா என்றுகூட நினைத்தேன். அந்த நல்ல பெண்ணுக்கும் அது சந்தோஷமாக இருக்கும்.

"அடி உக்கிப்போச்சப்பா" என்றேன். "பாதிவழியில ரெண்டாப் பிளக்கும். நாங்கள் முன்பாதியில போவம், ரொய்லெற் பின்பாதியோட நிண்டிடும்."

அவர் என்னைப் பார்த்தார். சிரித்துவிட்டார். வயிற்றைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் அவளும் சிரித்தாள். ஓட்டையைக் காட்டினேன். தனக்குத் தெரியாது என்று சொன்னாள், முகத்தைப் பார்த்து நம்பினேன். போகும்போது ஒரு தட்டு முட்டை தந்தாள்.

காரில் அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நெடுஞ்சாலை ஏறியும் திரும்பவில்லை. சிரிப்பெல்லாம் அந்த நேரத்துக்குத்தான், இனி இவர் வெளிக்கிடமாட்டார், எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு காரை ஓட்டினேன். நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன், நான்தான் கெடுத்தேன். கண் கலங்கியது. பெரிய லொறிகளுக்கு நடுவில் அழவும் முடியாது.

அவர் என்னுடைய போனை எடுத்தார். விளம்பரங்களை விரலால் தள்ளித் தள்ளி வெகுநேரம் பார்த்தார்.

"ரிமூஸ்கியில ஒண்டு நிக்குது."

"ரிமூஸ்கியோ? அது எங்கயோ கிடக்கு. இஞ்ச கிட்ட, லவாலில ஒண்டும் இல்லையோ?"

"லவாலில கனக்க நிக்குது" என்றார். போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ஆனா ரிமூஸ்கிக்கு ஒரே நாளில போயிட்டு வரேலாது. எங்கயாவது ஒரு ராத் தங்கித்தான் வரவேணும்."

நான் ஓம் என்றேன். பக்கத்தால் ஒரு லொறி இரைந்துகொண்டு போனது. அவருக்குக் கேட்டிருக்காதோ என்று பயந்து இன்னொருக்காவும் சொன்னேன்.