அவள் கைகாட்டியவன்

நடவு வயலில் கைபேசி மணி அடித்தால் சுடர்விழி முதலில் வலது கையைத் தண்ணீரில் அலசுவாள். புடவைக்கு மேல் போட்டிருக்கும் ஆண் சட்டையில் துடைத்துக்கொண்டு வரப்பில் ஏறுவாள். வீடியோவில் தன் முகத்தைக் காட்டிவிட்டு, பக்கத்தில் ஆண்கள் யாரும் இல்லை என்று தெரியும்படி போனைச் சுற்றிலும் ஒருமுறை காட்டுவாள். ஆறு வருஷமாக இதுதான் வழக்கம்.

“வந்துட்டாருடி தலையெண்ண. எல்லாரும் பல்லக் காட்டுங்க” என்பாள், நடவுக்கு ஆள் கூட்டிவரும் காத்தாயி. பெண்கள் சிரிப்பார்கள். சுடர்விழியும் சிரித்துவைப்பாள்.

போனில் வருகிறவன் இளவழகன். கீழ்வேளூர்ப் பக்கம் அவளுடைய ஊர்தான், அடுத்த தெரு. அறுவடை மிஷின் ஓட்டுகிறான். ஆரம்பத்தில் அவளுக்கும் அவன் என்றால் உயிர். போகப்போக, யாரோடு பேசினாய், ஏன் சிரித்தாய் என்று தொடங்கினால் அவள் அழும்வரை விடமாட்டான். போன வருஷ நடவின்போது கையை முறுக்கினான். மூன்று நாள் அவளால் நாற்றுமுடியைப் பிரிக்க முடியவில்லை.

விட்டுவிடலாம் என்று நினைக்கும்போதெல்லாம் அப்பாவின் சாவு குறுக்கே வந்து நிற்கும். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளிச்சட்டியை யார் எடுப்பது என்று கேட்டபோது சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டித் தயாராகத்தான் இருந்தார். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத சுடர்விழி அன்றைக்கு இளவழகனைக் கைகாட்டினாள். ஊரறிய அவனைத் தன்னவனாக்கிக்கொள்ளும் ஆசை. அவன் மறுபேச்சில்லாமல் மொட்டை போட்டுக்கொண்டு மகன் முறைக்கு எல்லாம் செய்தான். அப்படிச் செய்யவைத்துவிட்டு இப்போது வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

ஐப்பசியில் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். புரட்டாசி நடவில் ஒருநாள் மணி அடித்தது. அவள் கையை அலசவில்லை. விடாமல் அடித்தது.

“எடேன்டி, காது கொடையுது” என்றாள் காத்தாயி.

“அடிக்கட்டும்க்கா.” நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தாள்.

மதியத்துக்குள் இளவழகன் பைக்கில் வந்து நின்றான்.

“எவன்கூடடி பேசிக்கிட்டிருந்த?”

“யாருமில்ல மாமா. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்.”

“ஒப்பனுக்குக் கொள்ளி வெச்சவன்டி நான்!” சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அடிப்பான் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள். அவன் அழுகையை அவளால் தாங்க முடியவில்லை. சேற்றோடு வரப்பேறி அவன் காலில் விழுந்தாள்.

“ஒங்கள செய்யச் சொன்னது என் தப்பு மாமா. ஆனா நான் வரமாட்டேன்.”

அவன் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனான்.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. இளவழகன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவனுடைய அம்மாவை ரேஷன் கடையில் பார்த்துவிட்டால் சுடர்விழி வரிசையை விட்டு ஒதுங்கிப்போகிறாள். நன்றி கெட்டவள் என்று ஊர் சொல்வதை அவள் மறுப்பதில்லை. அம்மாவோடு இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். அவனிடம் திரும்பிப் போகவில்லை.