வெந்நீர்க் குளமும் அம்மாவின் முட்டியும்

ஸ்வீடனில் நீச்சல்குளத்துத் தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன் குளிக்க வேண்டும். சோப்புப் போட்டு, தலைமுதல் கால்வரை, அதுவும் நாலு பேர் முன்னால் ஒட்டுத்துணி இல்லாமல். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். பழவேற்காட்டுப் பக்கம் எங்கள் ஊர் தோணிரேவில் நாங்கள் ஏரியைவிட்டு ஏறிய பிறகுதான் குளிப்போம், உப்பும் சேறும் போவதற்காக. இங்கே தண்ணீரில் அழுக்குப் படக்கூடாதென்று மனிதர்கள் குளிக்கிறார்கள்.

நான் குளத்துக்குப் போவது வேலை நிமித்தம். மூட்டழற்சியைப் பற்றி ஆராய்கிறேன். கதவின் கீல் தேய்வதுபோல முட்டியும் தேய்கிறது என்றுதான் ஊரில் நினைத்திருந்தேன். அவ்வளவுதான் என்றால் எனக்கு வேலையே இருக்காது. உள்ளே நீறு பூத்த நெருப்பாக ஓர் அழற்சி இருந்துகொண்டு குருத்தெலும்பைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தின்கிறது. நோயாளிகளின் முட்டியிலிருந்து எடுத்த நீரில் அந்த நெருப்பைத் தேடுவதுதான் என் பிழைப்பு. வாரம் ஒருமுறை மருத்துவமனையின் வெந்நீர்க் குளத்தில் அவர்களுக்குப் பயிற்சி உண்டு. வலி எப்படி மாறுகிறது என்று கேட்டுக்கொண்டே நானும் கூட இறங்குவேன். கைத்தடியோடு வந்த கிழவிகள் தண்ணீருக்குள் குமரிகளாகிவிடுவதைப் பார்க்க வேண்டுமே!

அவர்களில் ஒருவர் இங்கிரிட். எழுபது வயதிருக்கும். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் முகம் சுருங்கிவிடும். உன் அம்மாவுக்கும் முட்டிவலி என்றாயே, அங்கே இப்படிக் குளம் உண்டா என்று கேட்டார். அம்மா பாதி நாள் தண்ணீரில்தான் இருக்கிறாள் என்றேன். வெதுவெதுப்பாக இருக்குமா? இருக்கும். முன்பதிவு? தேவையில்லை. கட்டணம்? கிடையாது. இந்தியாவில் முதியவர்களை எவ்வளவு நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று அன்றே குளம் முழுக்கச் சொல்லிவிட்டார். திருத்தலாம் என்றால் எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா கையால் இறால் பிடிப்பவள். பழவேற்காடு ஏரியில் முட்டி போட்டு, கழுத்துவரை மூழ்கி, சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். இரண்டு கையும் இறாலுக்கு வேண்டுமென்பதால், ஓலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். வாயைத் திறந்தால் பறி மிதந்து போய்விடும். ஆகவே தண்ணீரிலிருக்கும் பெண்களிடம் எதைக் கேட்டாலும் 'ம்', 'ம்ஹும்' இரண்டுதான் பதில். நான் ஸ்வீடன் போகட்டுமா என்று கேட்டதுகூட அந்த நேரம் பார்த்துத்தான். காரணம் கேட்க அவளால் முடியாதல்லவா. 'ம்' என்றாள்.

போன விடுமுறையில் போனபோது அம்மாவின் முட்டிகள் வீங்கி, கால்கள் வில்லாக வளைந்திருந்தன. வீட்டிலிருந்து கரைக்கு நடக்கவே தடுமாறினாள். பொன்னேரியில் ரயில் ஏற அவள் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. சென்னையில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, முட்டியை மாற்றிவிடலாம், நன்றாக நடக்கலாம், படி ஏறலாம் என்றார். அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"முட்டி போடலாமா, சார்?"

சேற்றில் மண்டிபோடும் வேலையை எல்லாம் இனி விட்டுவிட வேண்டும், பெண்தான் ஃபாரினில் இருக்கிறாளே என்று அவர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே ஆபரேஷனுக்கு நாள் குறித்தேன். திரும்பும் வழியில் அம்மா பொன்னேரியில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள்.

"அவுரு கரைல நடக்கறதுக்குக் கால் குடுக்கறாரு. நான் எங்கடி கரைல கீறேன்?"

நான் விடவில்லை. அழற்சியைப் பற்றிப் படித்ததையெல்லாம் அந்த பஸ்ஸிலேயே கொட்டினேன். இன்னும் தேயும், படுக்கையில் தள்ளிவிடும் என்று பயமுறுத்தினேன்.

"தண்ணில வலிக்கலடி. வலிக்காத எடத்துல இருக்காதனு சொல்றியே, இன்னா படிப்பு அது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இங்கிரிட் அரைமணி நேரம் மிதந்துவிட்டு வீட்டுக்குப் போய் சோபாவில் சாய்ந்துகொள்வார். அம்மாவோ மணிக்கணக்கில் முட்டியால் சேற்றை உழுகிறாள். இரண்டும் ஒன்றில்லை. ஆனால் வலியில்லாமல் அவள் இருக்கும் நேரம் அது மட்டும்தான் என்பதும் உண்மை. எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து என்றாவது ஒரு மருந்து வந்தாலும் அவள் காலத்துக்குள் வராது. அந்த வருத்தத்தோடுதான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

குறித்த நாளில் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) தோணியை வீட்டுக்குப் பின்னாலேயே கொண்டுவந்து, அவளைத் தூக்கி உட்காரவைத்து, இறால் கிடைக்கும் இடத்தில் இறக்கிவிடுகிறார். நேற்றுக் காலை வீடியோவில் கூப்பிட்டபோது தோணியில் இருந்தபடியே செல்போனை அவள் பக்கம் திருப்பினார். தண்ணீருக்கு மேலே அம்மாவின் தலை மட்டும் தெரிந்தது. பல்லில் கயிறு. வலிக்கிறதா என்று கேட்டேன். "ம்ஹும்" என்றாள். பொய்யா மெய்யா என்று முகத்தில் தெரியவில்லை.

பிறகு மருத்துவமனைக்குப் போய், சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுக் குளத்தில் இறங்கினேன். எப்போது முட்டி போட்டேன் என்று தெரியவில்லை. தண்ணீர் கழுத்துவரை இருந்தது, விரல்கள் தரையைத் தடவிக்கொண்டிருந்தன. வழவழவென்று சுத்தமான டைல்ஸ். சேறு இல்லை, கையில் எதுவும் துள்ளவில்லை. இங்கிரிட் பக்கத்தில் வந்து, எதையாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டார்.

வாயைத் திறக்க வரவில்லை. "ம்ஹும்" என்றேன்.