நான் விட்டுக்கொடுக்காத இருக்கை

தலையில் அடிபட்ட ஒருவர் போக வேண்டிய ஹெலிகாப்டரில் நான் ஏறிப் போனேன். பத்து வருடங்களுக்கு முன் கார் நிக்கோபார் தீவில் நடந்தது இது.

அப்போது நான் அங்கே அரசு அலுவலகக் கண்காணிப்பாளர். போர்ட் பிளேயர் போகும் ஹெலிகாப்டரில் யார் யாருக்கு இடம் என்ற பட்டியல் என் மேசையில்தான் தயாராகும். அன்று காலை, சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ராமநாதபுரத்துக்காரர். போய்ப் பார்த்தேன். “நான் விழுந்தாலும் சிமெண்ட் மூட்டை தப்பிச்சிருச்சு சாப்” என்று சிரித்தார்.

மதியம் டாக்டர் போன் செய்தார். “சார், அவருக்கு உடனே போர்ட் பிளேயர்ல ஸ்கேன் எடுக்கணும். இன்னைக்கே ஒரு சீட் வேணும்.”

“நல்லாத்தானே பேசுறாரு?”

“பேசிக்கிட்டே வர்ற தலையடி கேஸைத்தான் சார் நம்பக் கூடாது. அடிக்கடி பார்க்கிறோம்.”

பட்டியலில் மற்றவர்கள் எல்லோரும் நோயாளிகள். எடுக்கக்கூடிய பெயர் என்னுடையது ஒன்றுதான். மறுநாள் காலை போர்ட் பிளேயரிலிருந்து சென்னைக்கு எனக்கு விமானம். “நாளைக்கு அவர் பேர்தான் முதல்ல” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் மழை. அதற்கு மறுநாளும் விடவில்லை. அந்த இரண்டு நாளும் ஹெலிகாப்டர் வரவே இல்லை. நான் கிளம்பிய ராத்திரியே அவருக்கு நினைவு தப்பியதும், மூன்றாம் நாள் மழை விட்ட பிறகே போர்ட் பிளேயர் கொண்டுபோய் அறுவை சிகிச்சை நடந்ததும் சென்னையில் இருந்த எனக்குப் போனில் தெரிந்தது. உயிர் தப்பியது. வலது கை விளங்கவில்லை. புதிதாக எதுவும் நினைவில் நிற்பதில்லை.

யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் என்னை உட்காரவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை. ஓய்வுபெற்று போர்ட் பிளேயரில் லம்பா லைன் பகுதியில் குடியேறிய பிறகு, புரோத்ராபூர் பஸ்ஸைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தக் கொத்தனாரின் குடும்பம் அங்கேதான் இருந்தது.

போன வருடம்தான் போனேன். அவர் மனைவியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

“இத்தனை வருஷமா மழையத்தான் ஏசிக்கிட்டு இருந்தேன் சாப். மழைக்கு மூஞ்சி கிடையாது. இப்ப எதுக்கு வந்து உங்க மூஞ்சியக் காட்டுறீங்க?”

அடுத்த வாரம், கொத்தனாரைக் கைப்பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆட்டோவோடு போய் நின்றேன். அந்த அம்மா தடுக்கவில்லை. இன்றுவரை வாராவாரம் போகிறேன்.

“நீங்க யாரு சாப்?” என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒவ்வொரு முறையும் முழுவதையும் சொல்வேன். “அச்சா, போகட்டும் விடுங்க” என்பார். வீடு திரும்புவதற்குள் அதையும் மறந்துவிடுவார்.

அவர் தரும் மன்னிப்பை வாங்கிக்கொள்ள எனக்குக் கூசுகிறது. மறக்காமல் இருப்பவர் அந்த அம்மாதான், அவரிடம் மன்னிப்புக் கேட்கவோ எனக்கு இன்னும் வாய் வரவில்லை.